கை மாறிய அமானிதம்

ஒரு சித்திரக்கதைத் தொடரின் எழுத்தாளரும் ஓவியரும் விலகிச் செல்ல, வேறொரு குழுவினர் அவ்விடத்தில் வந்து அமர்ந்தால், பழைய வாசகர் அத்தொடருக்குத் திரும்பலாமா, கூடாதா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். சித்திரக்கதை என்றாலே சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பெரியோர் நம்மிடையே இன்னும் பலர் உளர். எனினும், இக்கேள்விக்குப் பொதுவாக வழங்கப்படும் விடைகள் இரண்டும் நமக்கு உடன்பாடானவை அல்ல. அவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை இது: படைத்தவர் போய்விட்டார், அவரோடு படைப்பும் போய்விட்டது, இனி வருபவை யாவும் போலி, திரும்பிப் பார்ப்பதே பழைய கைக்குச் செய்யும் துரோகம். இரண்டாம் விடை இது: தலைப்பு அதுவே, பாத்திரம் அதுவே, எவர் எழுதினால் என்ன? வாங்கிப் படிக்க வேண்டியதுதான். முன்னவர் கையை மட்டுமே காண்கிறார். பின்னவர் பெயரை மட்டுமே காண்கிறார். கைக்கும் பெயருக்கும் இடையில் ஒன்று உண்டு. அதற்கு நம் வழக்கில் அமானிதம் என்று பெயர். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் பொருளாக எண்ணிவிடாமல், ஒப்படைத்தவரின் எண்ணம் பிறழாமல் காத்துத் தருவதே அமானிதம். பிறர் தொடங்கிய கதையைக் கையேற்பவரின் பொறுப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே என்பது நமது வாதம்.

வாதத்தை அந்தரத்தில் விடாமல், நம் சமுதாயத்தினர் அக்கறை கொள்ள வேண்டிய வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘மிஸ் மார்வெல்’ தொடரின் நாயகி கமலா கான் என்னும் முஸ்லிம் சிறுமியைப் பற்றியதே அவ்வழக்கு.

மிஸ் மார்வெல் என்ற பெயர் கமலாவுக்கு முன்பே இருந்தது. 1977இல் அப்பெயரில் தனித் தொடர் பெற்றவர் கேரல் டான்வர்ஸ் என்னும் பொன்னிறக் கூந்தல் வீராங்கனை. 2012இல் அவர் கேப்டன் மார்வெல் என்ற பட்டத்தை ஏற்றதால், பழைய பெயர் வெறுமையாக நின்றது. அந்நிறுவனத்தின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான சனா அமானத், பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். தம் இளமைக்கால அனுபவங்களை உடன் பணியாற்றிய ஸ்டீபன் வாக்கரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்த பேச்சிலிருந்தே இப்புதிய நாயகியின் எண்ணம் முளைத்தது. எழுத ஜி. வில்லோ வில்சன் அழைக்கப்பட்டார். அவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. கெய்ரோ நகரில் வாழ்ந்தவர். ‘அலிஃப் தி அன்ஸீன்’ என்ற புதினத்துக்காக 2013இல் உலகக் கற்பனை இலக்கிய விருது பெற்றவர். வரைய வந்தவர் கனடா நாட்டு ஓவியர் ஏட்ரியன் அல்ஃபோனா. 2014 பிப்ரவரியில் முதல் இதழ் வெளிவந்தது. மார்வெலில் தன் பெயரால் தனித் தொடர் பெற்ற முதல் முஸ்லிம் பாத்திரம் கமலாவே. அத்தொடரின் முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருதையும் பெற்றது.

விருதுகளை நாம் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அக்கதைக்குள் இருந்த வாழ்வையே சொல்ல வருகிறோம். ஜெர்சி சிட்டியில் வாழும் பதினாறு வயதுச் சிறுமி. கடையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியின் மணத்தை மோந்து பார்த்து ஏங்கிவிட்டு, உண்ணாமல் திரும்புகிறாள். தொழுகையை விடாத அண்ணன் ஆமிர். வங்கியில் உழைக்கும் தந்தை யூசுப். கண்டிப்பே அன்பாக வெளிப்படும் தாய் முனீபா. தானே தேர்ந்து ஹிஜாப் அணியும் தோழி நக்கியா. பள்ளிவாசலில் பெண்களுக்கிடப்பட்ட மறைப்புக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்கிறாள் கமலா. இமாம் ஷெய்கு அப்துல்லாஹ்விடம் அவளைப் பெற்றோர் அனுப்பி வைக்கும்போது, அவர் இரகசியத்தைத் துருவாமல், செய்வதை நற்குணத்தோடு செய் என்றும், உனக்கொரு ஆசானைத் தேடிக்கொள் என்றும் அறிவுறுத்துகிறார். மேலைநாட்டுக் கதைகளில் இமாம் என்றால் அச்சத்துக்குரியவர் அல்லது கேலிக்குரியவர் என்ற இரண்டே வேடங்களைக் கண்டு சலித்த கண்களுக்கு, மூன்றாவதாக ஒரு மனிதர் காட்டப்பட்டார். இதனைச் சிறிய காரியம் என்று நாம் எண்ணவில்லை.

கமலாவுக்கு உருமாறும் ஆற்றல் வாய்க்கிறது. முதன்முதலில் அவள் எடுக்கும் உருவம் யாருடையது? பொன்னிறக் கூந்தல் கேரல் டான்வர்ஸுடையது. வீரம் என்றால் அந்த முகந்தான், அழகு என்றால் அந்தக் கூந்தல்தான் என்று எண்ணி வளர்ந்த பிள்ளை வேறெதை விரும்பும்? ஆனால், அவ்வுருவில் இருந்தபோது உள்ளம் நிறையவில்லை, மகிழ்ச்சி வரவில்லை. தன் முகத்தோடுதான் பிறரைக் காக்க வேண்டும் என்று தெளிகிறாள். முஸ்லிம் பெண்கள் நீந்துவதற்கு அணியும் புர்கினியையே வீர உடையாகத் தைத்துக்கொள்கிறாள். தொடரின் அடிக்கல் இதுவே. பிறர் முகத்தைக் கடன் வாங்காதே. உன் முகமே போதும். இவ்வடிக்கல்லை வாசகர் நினைவில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னர் இதனையே அளவுகோலாக எடுக்கப் போகிறோம்.

2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாத்தை நாஜிக் கொள்கையோடு இணைத்துப் பழிக்கும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டன. அவற்றின்மீது கமலாவின் படத்தை ஒட்டி அப்பழியை மறைத்தார்கள் சிலர். காகிதத்தில் வரைந்த சிறுமி தெருவில் இறங்கி ஒரு சமுதாயத்தின் மானத்துக்குத் திரையானாள். இது வெறும் பொழுதுபோக்கென்று இன்னமும் சொல்பவர்களுக்கு நாம் வேறென்ன சான்று காட்டுவது?

வில்சன் இத்தொடரை 2014இல் தொடங்கி 2019 பிப்ரவரி வரை எழுதினார். முதற்சுற்றில் 19 இதழ்கள். 2015 இறுதியில் தொடங்கிய மறுசுற்றில் 38 இதழ்கள். அல்ஃபோனாவுக்குப் பின் டகேஷி மியாசாவா, நிகோ லியோன், மார்கோ ஃபைல்லா முதலியோரும் வரைந்தனர். பின்னர் வில்சன் விடைபெற, 2019 மார்ச்சில் தொடரின் பெயரோடு ஓர் அடைமொழி சேர்ந்து, எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. எழுத்தாளர் சலாதீன் அஹ்மத். ஓவியர் மின்க்யூ ஜங். வழக்கு தொடங்கிய இடம் இதுவே.

முதல் கட்சியினரை முதலில் எதிர்கொள்வோம். படைத்தவர் கை விலகினால் படைப்பு மரித்துவிடும் என்பது இவர்கள் கூற்று. உலகில் இதற்குச் சான்று இல்லாமலில்லை. டின்டின் கதைகளைப் படைத்த பெல்ஜிய ஓவியர் எர்ஜே, தமக்குப் பின் வேறெவரும் அவற்றைத் தொடரலாகாது என்று விரும்பினார். 1983இல் அவர் மறைந்தபோது முடியாமல் நின்ற கதையை 1986இல் கோட்டோவியங்களாகவே வெளியிட்டனரே தவிர, மற்றொருவரைக் கொண்டு முடிக்கவில்லை. இது ஒரு மனிதரின் விருப்பம். அதனை மதித்தது நேர்மை. ஆனால், ஒருவரின் விருப்பம் எல்லாருக்கும் சட்டமாகாது. ஆஸ்டெரிக்ஸ் தொடரின் எழுத்தாளர் கோசினி 1977இல் காலமானார். ஓவியர் உடெர்ஸோ தனியே எழுதி வரைந்து தொடர்ந்தார். அவர் உயிரோடிருந்தபோதே, 2013இல் ஃபெர்ரி எழுத, கான்ராட் வரைய, புதிய கைகள் அதனை ஏற்றன. கோசினியின் நகைச்சுவை திரும்பவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால், குறை சொல்பவர் படித்துவிட்டுச் சொல்கிறார். படியாமலே தீர்ப்பளிப்பவர் எந்த நியாயத்தின் பேரில் அளிக்கிறார்?

கை மாறினால் கலை மாய்ந்துவிடும் என்ற கொள்கையை நம் முன்னோர் ஏற்றதேயில்லை. அக்பர் பாதுஷாவின் ஓவியச்சாலையில் உருவான ஹம்ஸா நாமாவை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 1400 பெரிய ஓவியங்கள். 1562ஐ ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு வேலை. அப்பணிக்கு முதலில் தலைமை தாங்கியவர் மீர் சையித் அலி. அவருக்குப் பின் பொறுப்பேற்று நிறைவு செய்தவர் அப்துஸ் ஸமத். ஹுமாயூன் காலத்தில் ஈரானிலிருந்து வந்த அவ்விருவரும், அவர்கள்கீழ் உழைத்த எண்ணற்ற ஓவியர்களும் கை மாற்றிக் கை மாற்றியே ஒரு பெருங்கதையைத் தாள்களிலும் துணியிலும் நிறுத்தினார்கள். தலைவர் மாறினார், எனவே மிச்ச ஓவியங்களைப் பாரோம் என்று அன்று எவரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

நம் தமிழிலேயே இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. சொல்லப்படும் பொருளின் தகுதியை ஒருபோதும் ஒப்பிடவில்லை. கையேற்றவரின் பொறுப்பை மட்டுமே எடுத்துக் காட்டுகிறோம். உமறுப் புலவர் 5027 பாக்களில் பாடிய சீறாப்புராணம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் சொல்லி முடிக்கவில்லை. மதீனத்து நிகழ்ச்சிகளுக்கிடையே நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ என்ற பெயரில் பாடினார். பெயரிலுள்ள ‘சின்ன’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முன்னவரின் பெயரைத் தமதாக்கிக்கொள்ளாமல், அவருக்குக் கீழ்ப்பட்ட இடத்தில் தம்மை நிறுத்திக்கொண்டு, ஆனால் பணியை நிறுத்திவிடாமல் தொடர்ந்தார். பின்வருபவரின் பண்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நமக்குத் தேவையில்லை. பின்வந்தவர் என்பதற்காக அவரை நம் முன்னோர் ஒதுக்கவுமில்லை.

இனி இரண்டாம் கட்சி. பெயர் இருந்தால் போதும் என்பவர்கள், அப்பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை எண்ணுவதில்லை. அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனங்களில் எழுத்தாளர் கூலிக்கு எழுதுகிறார். ஓவியர் கூலிக்கு வரைகிறார். அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கூலிக்குச் செய்த படைப்புக்கு அமர்த்திய நிறுவனத்தையே ஆசிரியராகக் கொள்கிறது. சூப்பர்மேனைப் படைத்த சீகல், ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் 1938இல் 130 டாலருக்கு அப்பாத்திரத்தின் உரிமையை விற்றார்கள். அவர்கள் பெயரை மீண்டும் அச்சிடவும், ஓர் ஓய்வூதியம் வழங்கவும் 1975 வரை போராட வேண்டியிருந்தது. தலைப்பு மட்டும் போதும், யார் எழுதினால் என்ன என்று வாசகர் சொல்லும்போதெல்லாம், எழுதுபவரின் பெயரை மறைக்க விரும்பிய முதலாளியின் வாதத்தையே அவர் தம் வாயால் சொல்கிறார். உழைத்தவரின் பெயரை உழைப்பிலிருந்து பிரிப்பதற்கு வாசகரும் கூட்டு நிற்கலாமா என்று கேட்கிறோம்.

ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று தொடர்ச்சியை ஆராய்ந்து, நம்பகமானவரைத் தேர்ந்து, ஏனையோரை விலக்கிய அறிவு மரபு நம்முடையது. புனிதமான ஒரு துறைக்குரிய கடுமையை நாம் கதைப் புத்தகத்துக்குக் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேளாமல் எதையும் வாங்கிக்கொள்ளாதே என்ற பழக்கம் மட்டும் நம் குழந்தைகளிடம் இருந்தால் போதும்.

இக்கட்சிக்குள்ளேயே ஒரு கிளைக்கட்சி உண்டு. அது நம்மவர்களிடமே வழங்குவது. ஒரு முஸ்லிம் எழுத்தாளர் போனார், இன்னொரு முஸ்லிம் எழுத்தாளர் வந்தார். பிறகென்ன குறை என்பது அவர்கள் வாதம். இதனையும் நாம் ஏற்கவில்லை. வில்சன் பாகிஸ்தானியர் அல்லர். மிச்சிகன் மாநிலத்து அரபு வழி அமெரிக்கரான அஹ்மத்தும் பாகிஸ்தானியர் அல்லர். கான் குடும்பத்தை முதலாமவர் உயிரோடு படைத்தது உற்று நோக்கியதால். தம் பெயருக்கு முன்னோ பின்னோ உள்ள அடையாளத்தால் அன்று. எழுதுபவரின் மார்க்கத்தைச் சான்றிதழாக நீட்டி விமர்சனத்தை வாயடைப்பது, அவரை எழுத்தாளராக மதிக்காமல் அடையாள அட்டையாக மதிப்பதாகும். அஹ்மத்துக்கு அந்த அவமரியாதை தேவையில்லை. 2012இல் ‘த்ரோன் ஆஃப் தி கிரஸன்ட் மூன்’ என்ற புதினத்தை எழுதியவர் அவர். அவர் எழுதிய ‘பிளாக் போல்ட்’ 2018இல் சிறந்த புதுத் தொடருக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது. அவருடைய எழுத்தை எழுத்தாகவே எடுத்து நிறுப்போம்.

நிறுத்துப் பார்க்கையில் தென்படுவது என்ன? அவர் திடீரென வந்து குதித்தவர் அல்லர். இரு சுற்றுகளையும் சேர்த்து எண்ணப்பட்ட ஐம்பதாவது இதழ் 2018இல் வெளிவந்தபோது, அதில் ஒரு பகுதியை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். முன்னவர் வீட்டில் இருக்கும்போதே பின்னவர் வாசல் வழியாக வந்தார். வண்ணம் தீட்டிய இயன் ஹெரிங்கும், எழுத்துப் பொறித்த ஜோ காரமன்யாவும் புதிய குழுவிலும் தொடர்ந்தார்கள். இவர்களின் பெயரை வாசகர் பெரும்பாலும் படிப்பதில்லை. ஆனால், வீடு மாறியும் அடுப்பு மாறாத உணர்வு புதிய இதழ்களில் இருந்ததென்றால், அதற்கு இவ்விருவரும் காரணம். கை மாறிற்று என்று கூவுபவர்கள், எல்லாக் கைகளும் மாறவில்லை என்பதைப் பார்ப்பதேயில்லை.

குறை இருந்தது. அஹ்மத்தின் முதற்கதை கமலாவையும் அவள் பெற்றோரையும் வேற்றுக் கோள் ஒன்றுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே அவள் முன்னறிவிக்கப்பட்ட மீட்பர் என்று கொண்டாடப்படுகிறாள். ஜெர்சி சிட்டியின் மூலைக்கடையும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் தந்த செறிவை எந்த வேற்றுக் கோளும் தர இயலாது. விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்ற பெருமை கமலாவின் இயல்புக்கே பொருந்தாதது. அவள் தெருவால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். மின்க்யூ ஜங்கின் கோடுகள் தெளிவானவை. ஆயினும் அல்ஃபோனா சட்டத்தின் ஓரங்களில் ஒளித்து வைத்த சிறு சிறு வேடிக்கைகளை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

நிறையும் இருந்தது. கதை பூமிக்குத் திரும்பியபின் தந்தை யூசுப் நோய்வாய்ப்படுகிறார். மலையைத் தூக்கும் ஆற்றலிருந்தும், படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு ஒன்றும் செய்ய இயலாத மகளின் தவிப்பு அங்கே வருகிறது. அக்குடும்பத்தை அஹ்மத் அலங்காரமாகக் கருதவில்லை. கதையின் உயிராகவே கருதினார். முன்னவர் விட்டுச் சென்ற அமானிதத்தில் எது முதலோ அதனை அவர் அறிந்திருந்தார். 18 இதழ்கள் வெளிவந்து 2021 பிப்ரவரியில் அத்தொடர் நின்றது. 2019இல் கதவைச் சாத்திக்கொண்ட முதல் கட்சியினர் இழந்தது இந்தத் தவிப்பை. வேற்றுக் கோளையும் குறையின்றிப் புகழ்ந்த இரண்டாம் கட்சியினர் இழந்தது தம் நாவின் சுவையை.

இனி, உண்மையான மோசம் நடந்த இடத்துக்கு வருகிறோம். 2023 மே 31ஆம் நாள் வெளிவந்த ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 26ஆம் இதழில் கமலா கொல்லப்பட்டாள். எழுதியவர் ஸெப் வெல்ஸ். வரைந்தவர் இளைய ஜான் ரோமிட்டா. அவளுக்கென்று ஒரு தொடர் இல்லாதபோது, பிறருடைய தொடரில், துணைப் பாத்திரமாக வந்து, அந்நாயகரின் துயரத்துக்குத் தீனியாக அவள் மாண்டாள். மாண்டது எந்த உருவில்? ஸ்பைடர்மேனின் காதலியாகப் பல்லாண்டு அறியப்பட்ட மேரி ஜேனின் உருவை எடுத்து, அவளுக்காகக் கத்தியை ஏற்று மாண்டாள்.

வாசகர் நினைவில் வைக்குமாறு நாம் கேட்டுக்கொண்ட அடிக்கல்லை இப்போது எடுத்துப் பார்க்கட்டும். 2014இல், வெள்ளைப் பெண்ணின் முகத்தைக் கடன் வாங்கி நின்ற சிறுமி, அது தன் முகமன்று என்று கழற்றி எறிந்தாள். அங்கிருந்துதான் அவள் கதையே தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, மற்றொரு வெள்ளைப் பெண்ணின் முகத்தை அவளுக்குப் பூட்டிக் கொன்றார்கள். பிறருக்காக உயிர் கொடுப்பது தியாகமே. அதனை நாம் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால், இப்பாத்திரத்துக்கு இம்முறையில் அத்தியாகத்தை எழுதுபவர், முதல் இரண்டு இதழ்களையும் படிக்கவில்லை என்று கொள்ள வேண்டும். அல்லது, படித்தும் பொருட்படுத்தவில்லை என்று கொள்ள வேண்டும். இரண்டில் எது உண்மையானாலும் அமானிதம் முறிந்தது.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2023 ஜூலையில் அவளுக்கு ஓர் இரங்கல் இதழ் வெளியிடப்பட்டது. அதனை எழுத அழைக்கப்பட்டவர்களுள் வில்சனும் உண்டு, அஹ்மத்தும் உண்டு, மார்க் வெய்டும் உண்டு. அவளை வளர்த்தவர்களையே அழைத்து ஜனாஸாவுக்கு முன்வரிசையில் நிறுத்தினார்கள். அதே ஜூலை முடிவதற்குள், எக்ஸ்-மென் கூட்டத்தின் சிறப்பிதழில் அவள் உயிர்ப்பிக்கப்பட்டாள். இன்னொரு வகைப் பிறவியாக, ‘மியூட்டன்ட்’ என்ற புதிய அடையாளத்தோடு எழுந்தாள். 2022இல் வெளிவந்த அவளுடைய தொலைக்காட்சித் தொடரின் முடிவில் அவ்வடையாளமே குறிப்பால் உணர்த்தப்பட்டிருந்தது. 2023 நவம்பரில் அவள் இடம்பெற்ற திரைப்படம் வெளிவர இருந்தது. திரைக்கும் தாளுக்கும் கணக்கு நேர் செய்ய ஒரு சிறுமியின் மரணத்தைப் பற்றெழுதி, அவள் உயிர்த்தெழுந்ததை வரவெழுதினார்கள் என்று நாம் கருதுகிறோம். இவ்வரிசையை வேறெவ்விதமாகவும் நம்மால் படிக்க இயலவில்லை.

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் சாவு வழக்கந்தானே என்பார்கள். சூப்பர்மேனும் 1992இல் மாண்டு 1993இல் மீண்டான். இதற்கு இவ்வளவு ஆத்திரமா என்பார்கள். சூப்பர்மேன் தன் தொடரில் மாண்டான். தன் முகத்தோடு மாண்டான். அவன் சாவு அவன் கதையாகவே இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆயிரம் முகங்களைக் கண்ட கூட்டத்துக்கு ஒரு முகம் மறைவது வேறு. ஒரே முகத்தைக் கண்ணாடியாகப் பெற்ற கூட்டத்துக்கு அது மறைவது வேறு. பேருந்தில் பழி விளம்பரத்தின்மேல் ஒட்ட நம்மவர்க்குக் கிடைத்த முகம் எத்தனை?

இன்னொரு தடையும் எழுப்பப்படும். நிறுவனத்தின் சொத்து, அவர்கள் விருப்பப்படி செய்துகொள்கிறார்கள், வாசகருக்கு என்ன உரிமை? சட்டத்தின்படி உரிமை இல்லைதான். ஆனால், சட்டப்படி உரிமை இருப்பதெல்லாம் அறத்தின்படி சரியாகிவிடுமா? வக்பு சொத்தை நிர்வகிக்கும் முதவல்லியை எண்ணிப் பாருங்கள். சாவி அவர் கையில் இருக்கிறது; கணக்கும் அவர் கையில் இருக்கிறது. ஆனால், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்று எழுதி வைத்த தோப்பின் வருவாயை, தம் வீட்டுத் திண்ணையைப் பூசுவதற்குச் செலவிட்டால் நாம் அவரை என்ன சொல்லி அழைப்போம்? முதவல்லி மாறலாம், மாறித்தான் ஆக வேண்டும், எவரும் சாகாவரம் பெற்று வரவில்லை. மாறக்கூடாதது, எழுதி வைத்தவரின் நிய்யத்து. கமலா கான் என்ற தோப்பு, தம் முகத்தைக் கண்டு நாணிய பிள்ளைகளுக்கென்று எழுதி வைக்கப்பட்டது. அதன் கனியைப் பறித்து இன்னொருவர் விருந்தில் பரிமாறியது கையாடல்.

ஆகவே, பழி யார்மேல்? பின்வந்த எழுத்தாளர் எல்லார்மேலும் அன்று. அஹ்மத்தும் பின்வந்தவரே, அவர் குறையோடும் நிறையோடும் காத்தார். 2023 ஆகஸ்டில் ‘தி நியூ மியூட்டன்ட்’ என்ற நான்கு இதழ்க் கதையை எழுத வந்தவர்களுள் ஒருவர் இமான் வெள்ளானி. திரையில் கமலாவாக நடித்த பாகிஸ்தான் வழிக் கனடியப் பெண். நடிப்பதற்கு முன்பே அவர் இக்கதைகளின் தீராத வாசகி. உடன் எழுதிய சபீர் பிர்ஸாதாவும் அத்தொலைக்காட்சித் தொடரில் எழுதியவர். அவர்கள் கைக்கு வந்தது பிறர் உடைத்த பாத்திரம். ஒட்டும் வேலை அவர்களுக்கு. ஒட்டுப்போட்டவர்களை உடைத்தவர்களாகக் கருதுவது அநீதி. பழி, எழுதுகிறவர் யாராயினும் பாத்திரத்தைப் பண்டமாக எண்ணும் உடைமை முறையின்மேல். அம்முறைக்கு இசைந்து எழுதியவர்மேல். எதை விற்றாலும் தலைப்பைப் பார்த்து வாங்கும் வாசகர்மேலும் ஒரு பங்கு.

இனி நம் முடிவைச் சொல்கிறோம். பழைய வாசகர் திரும்ப வேண்டும். திரும்பாமல் இருப்பது பற்றுறுதி அன்று. கண்காணிக்க வேண்டியவரே ஊரைவிட்டுப் போவதாகும் அது. தோப்பைச் சுற்றி வர எவரும் இல்லாவிட்டால் கையாடுபவருக்குத்தான் எளிது. ஆனால், திரும்புபவர் தராசோடு திரும்ப வேண்டும். அட்டையைத் திறந்ததும் பெயர்களைப் படியுங்கள். எழுதியவர், வரைந்தவர் மட்டுமல்லாமல், வண்ணம் தீட்டியவரையும் எழுத்துப் பொறித்தவரையும் படியுங்கள். முன்னவரைப் போல இருக்கிறதா என்று கேளாதீர்கள். போலச் செய்பவர் குரங்காட்டுகிறவரேயன்றிக் கலைஞர் அல்லர். முன்னவர் எதற்காகத் தொடங்கினாரோ அது உயிரோடிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாயாரப் பாராட்டுங்கள்; பின்வந்தவர் என்பதற்காகக் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இல்லையேல், எந்த இதழில், எந்தப் பக்கத்தில், எவர் கையால் அது போயிற்று என்று சுட்டிக்காட்டி உரக்கச் சொல்லுங்கள். வெறும் வெறுப்பை உமிழ்வது விமர்சனமாகாது.

நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரும் பெற்றோருக்கும், நம் நிறுவனங்களின் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முஸ்லிம் பெயர் தாங்கிய வீராங்கனையின் படம் அட்டையில் இருக்கிறது என்பதால் எல்லா இதழும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். 2014இன் கமலா வேறு; 2019இன் கமலா வேறு; 2023 மே மாதத்துக் கமலா முற்றிலும் வேறு. முதற்றொகுதியைக் கையில் கொடுங்கள். பிள்ளை படித்து முடித்தபின் மற்றவற்றையும் கொடுங்கள். மறைத்து வைக்க வேண்டாம். எந்தக் கை தன்னை மதித்தது, எந்தக் கை தன்னை விற்றது என்று பிள்ளையே கண்டு சொல்லும்படி விடுங்கள். கதைப் புத்தகத்தில் அமானிதத்தை அடையாளம் காணப் பழகிய பிள்ளை, நாளை வாழ்விலும் அதனை அடையாளம் காணும்.

படைத்தவர் போவார், பின்னவர் வருவார், அவரும் போவார். ஒப்படைக்கப்பட்ட பொருள் எங்கே என்று கேட்பதற்கு எஞ்சி நிற்பவர் வாசகர் ஒருவரே. அவரும் கேளாவிட்டால், கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?